பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

குடும்பச் சுற்றுலா, ஒன்றுகூடல், சிறு விழா ஆகியவற்றுக்கான வரைகலை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: குடும்ப ஒன்றுகூடலுக்கு நாட்டுப்புறக் கலை பாணியில் ஒரு சுவரொட்டி செய்தோம். மகாராஷ்டிரப் பழங்குடியினரின் வார்லி ஓவிய மனிதர்கள், பீகாரின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்த மதுபனி ஓவிய மீன்கள், ஓரத்தில் போலந்து நாட்டுக் காகித வெட்டுப் பூக்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. சேர்த்துப் பார்த்தால் ஒரே இரைச்சல். எங்கே தவறு?

பதில்: மூன்று கருவிகளை ஒரே தாளில் மோதவிட்டிருக்கிறீர்கள். நாட்டுப்புறக் கலையின் துணிச்சலான தோற்றம் அதன் கருவியிலிருந்தும் பரப்பிலிருந்தும் வருவது. வார்லி ஓவியத்தில் செம்மண் பூசிய சுவர்தான் தாள், அரிசி மாவும் பிசினும் கலந்த வெள்ளைதான் வண்ணம், முனையை மென்று நாராக்கிய மூங்கில் குச்சிதான் தூரிகை. ஒரே நிறம் என்பதால் உருவத்தின் வெளிவடிவமே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் மனித உடல் முனையோடு முனை சேர்ந்த இரண்டு முக்கோணமாகிறது. அந்த வடிவம் எடுபடச் சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். மதுபனி நேர் எதிர். இரட்டைக் கோட்டால் உருவத்தை வளைத்து, கோடுகளின் நடுவே குறுக்குக் கீற்றுகள் இட்டு, மிச்ச இடத்தையும் பூ, இலை, மீன் என்று நிரப்பிவிடுவார்கள். ஒன்றுக்கு வெற்றிடம் உயிர். மற்றொன்றுக்கு வெற்றிடமே ஆகாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வார்லி மனிதர்கள் சோகையாகவும் மதுபனி மீன்கள் அழுக்காகவும் தெரிவார்கள். காகித வெட்டோ மடித்த தாளில் கத்தரிக்கோல் போன வழி. அதனால் இடமும் வலமும் ஒத்திருக்கும். கோடு என்று ஒன்று அதில் கிடையாது, விளிம்பு மட்டும்தான்.

ஆகவே முதல் வேலை, ஒரு பாணியைத் தேர்ந்து மற்ற இரண்டையும் எடுத்துவிடுவது. மனசு கேட்காது, ஆனாலும் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் பாணியின் மூன்று விதிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள்: கோட்டின் தடிமன் என்ன, எத்தனை நிறம், வெற்றிடத்தை என்ன செய்கிறது. இனி எந்த உறுப்பைச் சேர்த்தாலும் இந்த மூன்றுக்கும் கட்டுப்பட வேண்டும்.

அடுத்து, உள்ளங்கை அளவுத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால் மட்டும் வரையுங்கள். பென்சில் வேண்டாம், பென்சில் சின்னச் சின்ன விவரங்களுக்கு ஆசை காட்டும். ஒரு பெரிய உருவம் சுவரொட்டியின் பாதிப் பரப்பையாவது பிடிக்கட்டும். துணை உருவங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நழுவிவிடும். நுணுக்கமான நிரப்பு வேலையை உருவத்துக்குள்ளோ ஓரப்பட்டையிலோ வையுங்கள், இரண்டிலும் வேண்டாம். தாளின் நிறம் நீங்கலாக இரண்டு நிறம் போதும், மூன்று என்றால் தாராளம்.

கோட்டுத் தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல பார்வை உள்ளவருக்கும் 3 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 1 மி.மீ.க்குக் குறைந்த கோடுகளும் இடைவெளிகளும் தனித்துத் தெரியாது. எல்லாம் கலந்து சாம்பல் திட்டாகிவிடும். ஏ3 சுவரொட்டியில் மிக மெல்லிய கோடே 1.5 மி.மீ. இருக்கட்டும், முக்கிய உருவத்தின் வெளிக்கோடு 4 முதல் 6 மி.மீ. வரை போகலாம். இணையத்தில் எடுத்த சிறு படங்களைப் பெரிதாக்கி ஒட்டும்போது நடக்கும் விபத்தும் இதுதான். ஒன்றை மூன்று மடங்கு பெருக்கினால் அதன் கோடும் மூன்று மடங்கு தடிக்கும். பக்கத்தில் பெருக்காமல் வைத்த படத்தின் கோடு மெலிந்து நிற்கும். அளவை முடிவு செய்த பிறகு எல்லாக் கோடுகளையும் ஒரே தடிமனில் மறுபடி வரைவதுதான் வழி. அலுப்பான வேலைதான். ஆனால் தொழில்முறை வேலைக்கும் ஒட்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

நாட்டுப்புறக் கலையிலிருந்து எதை எடுப்பது என்பதற்கு 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கைவிட நல்ல பாடம் இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் ஊய்சோல் பழங்குடியினரின் கலையில் இணைகோடுகள் உருவத்தைச் சுற்றிச் சுற்றி விரியும் முறையை எடுத்துக்கொண்டார். அன்று புதிதாகப் பரவியிருந்த கண்மயக்குக் கலையும் அதில் சேர்ந்தது. ஒலிம்பிக் வளையங்கள் 68 என்ற எண்ணுக்குள் புகுந்தன; அந்த எண்ணின் கோடுகளே விரிந்து நாட்டின் பெயராயின. மான், சூரியன் என்று சின்னங்களை அப்படியே பெயர்த்து ஒட்டவில்லை. கோடு நடக்கும் முறை ஒன்றுதான் வந்தது. அந்த ஒரே விதி நுழைவுச்சீட்டு, தபால்தலை, வழிகாட்டிப் பலகை, பணிப்பெண்களின் உடை என எல்லாவற்றுக்கும் பொருந்தியது. மீனை எடுக்காதீர்கள், மீனை வரைந்த முறையை எடுங்கள். அப்போது உங்கள் வீட்டுப் பாட்டியின் மூக்குக்கண்ணாடியைக்கூட அந்தப் பாணியில் வரைய முடியும். அது வேறு எந்தச் சுவரொட்டியிலும் இருக்காது.

கேள்வி: தமிழ் எழுத்தைத் தடிமனாக்கினால் சேறாகிவிடுகிறது. மெல்லியதாக வைத்தால் தூரத்தில் தெரிவதில்லை. எந்த அளவு சரி?

பதில்: பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து, அதாவது 3 மீட்டருக்கு 25 மி.மீ. அது ரோமன் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் சுழியும் கொம்பும் அதிகம் என்பதால் ஒன்றரை மடங்காக வையுங்கள். 3 மீட்டருக்கு 38 மி.மீ., 10 மீட்டருக்கு 12 – 13 செ.மீ. இந்த உயரத்தை ‘ப’, ‘ட’ போன்ற எழுத்தின் உடலில் அளக்க வேண்டும். மென்பொருளில் காட்டும் எழுத்து அளவு மேலே வரும் விசிறியையும் கீழே தொங்கும் வாலையும் சேர்த்த கணக்கு. அதை நம்பினால் எழுத்து நீங்கள் நினைத்ததைவிடச் சிறிதாகத்தான் வரும்.

சேறாவதற்குக் காரணம் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் மூடியிருக்கும் வெற்றிடம், அடைபடுவது. ‘ப’, ‘ட’, ‘ர’ எவ்வளவு தடித்தாலும் தாங்கும், அவற்றில் மூடிய இடமே இல்லை. ‘ண’, ‘ஞ’, ‘இ’, ‘ணை’ முதலில் அடைபடும். தலைப்பில் உள்ள மிகச் சிக்கலான எழுத்தை மட்டும் முதலில் தட்டச்சு செய்து, அதைப் பார்த்து எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். கோட்டுத் தடிமன் எழுத்து உடலின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தடித்த தலைப்புக்கென்றே வரைந்த இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன: பாலூ தம்பி, காயினி, அனெக் தமிழின் கனத்த வகைகள். மெல்லிய எழுத்துருவுக்கு மென்பொருளில் ‘போல்டு’ பொத்தானை அழுத்துவதும் வெளிக்கோடு போட்டுத் தடிமனாக்குவதும் வேண்டாம். அவை உள்வெளியைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாப் பக்கமும் சமமாக வீங்க வைக்கும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டி ‘க்’ என்பது ‘க’வின் மேல் ஒரு கட்டியாக நிற்கும்.

வரி இடைவெளி எழுத்து அளவைப்போல் 1.4 மடங்காவது வேண்டும். இல்லையென்றால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடம் விட்டுப் பரப்பாதீர்கள். ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே விலகிப் போய், படிப்பவர் மூன்று எழுத்தாகக் கூட்டிப் படிப்பார்.

அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டு வடிவாக (அவுட்லைன்) மாற்றியே கொடுங்கள். பழைய மென்பொருளில் திறந்தால் ‘கொ’ உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சாகி வந்த பிறகு அதற்கு மருந்து இல்லை. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் திருத்தக்கூடிய வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள். தேதி மாறினால் அப்போது அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: செல்போனில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சும் கிளிப்பச்சையும் அச்சில் மங்கிவிட்டன. நீலம் ஊதாவாக வந்தது. சிவப்பின் மேல் நீல எழுத்து வைத்தது கண்ணைக் கூசுகிறது. நிறத்தை எப்படித் தேர்வது?

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். மையால் எட்ட முடியாத நிறங்களில் முதலில் அடிபடுவது நீங்கள் சொன்னவைதான். தொடக்கத்திலேயே சி.எம்.ஒய்.கே. (சையன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) முறையில் வேலை செய்தால் ஏமாற்றம் இருக்காது. கீழே உள்ள எண்கள் அந்தந்த மையின் சதவீதம். சிவப்புக்கு மஜெந்தா 100, மஞ்சள் 100. ஆரஞ்சுக்கு மஜெந்தா 50 – 60, மஞ்சள் 100. நீலம் ஊதாவாகாமல் இருக்க சையன் 100 வைத்து மஜெந்தாவை 60 – 70-க்குள் நிறுத்துங்கள். இரண்டும் 100 என்றால் ஊதாதான் வரும். பெரிய கறுப்புப் பரப்பு வெளிறாமல் இருக்க சையன் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. சிறிய எழுத்துக்கு மட்டும் கறுப்பு 100 தனியாக. நான்கு மையும் சேர்ந்தால் அச்சு இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். பளபளப்பு இல்லாத தாள் மையை உறிஞ்சி எல்லா நிறத்தையும் ஒரு படி மங்கவைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கண் கூசுவது வேறு விஷயம். சிவப்பொளியையும் நீல ஒளியையும் கண்ணின் வில்லை ஒரே அளவில் வளைப்பதில்லை. அதனால் ஒன்று முன்னே நிற்பதுபோலவும் மற்றது பின்னே போவதுபோலவும் தோன்றி, விளிம்பு நடுங்கும். இரண்டுக்கும் நடுவே வெள்ளையோ கறுப்போ ஒரு கோடு ஓடினால் அடங்கிவிடும். பல நாட்டுப்புற ஓவியங்களில் அடர் நிறங்களுக்கு இடையே கறுப்புக் கோடு ஓடுவதால் எத்தனை நிறம் சேர்ந்தாலும் கண் சிதறுவதில்லை. ஒன்றிரண்டு அடர் நிறங்களை நேரடியாக மோத வைக்க ஆசை இருந்தால், எழுத்து இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

நிறத்தைவிட முக்கியம் வெளிச்ச வேறுபாடு. வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்துக்கு வேறுபாட்டு விகிதம் 1.07-தான், அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மஞ்சளின் மேல் கறுப்புக்கு 19-க்கு மேல். திரையின் முழுச் சிவப்பின் மேல் வெள்ளைக்கு 4. இணைய அணுகல் தரவிதிகள் சிறு எழுத்துக்கு 4.5-உம் பெரிய எழுத்துக்கு 3-உம் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. அச்சுக்கும் அதையே பிடித்துக்கொள்ளலாம். கருவி எதுவும் வேண்டாம் என்றால், வேலையைப் புகைப்படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் காணாமல் போகும் எழுத்து, சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கும் மாலை மங்கலில் எல்லாருக்கும் காணாமல் போகக்கூடும்.

கேள்வி: நாற்பது பேர் ஒன்றாகச் சுற்றுலா போகிறோம். கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிடாமல் இருக்க ஒரே மாதிரி டி-ஷர்ட் போதுமா? கலைநயமாகவும் இருக்க வேண்டும்.

பதில்: டி-ஷர்ட்டைவிடத் தொப்பி உதவும். நெரிசலில் மார்பு மறையும், தலை மறையாது. இரண்டுமே முடிந்தால் நல்லது.

நிறத்தைப் போகும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மரங்கள் அடர்ந்த இடத்தில் பச்சையும் பழுப்பும் கரைந்துவிடும். ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு நிற்கும். நீர்நிலை ஓரத்தில் நீலத்தையும் மணல் நிறத்தையும் தவிருங்கள். இருட்டிய பிறகும் நடக்கப் போகிறீர்கள் என்றால் சிவப்பு வேண்டாம். மங்கலான ஒளியில் கண் முதலில் இழப்பது சிவப்பின் பிரகாசத்தைத்தான். பகலில் கொளுத்திய சிவப்பு அந்திக்குள் கறுப்பாகிவிடும். மஞ்சளும் வெள்ளையும் கடைசி வரை தெரியும்.

சின்னம் ஒன்றே ஒன்று. அதை முதுகில் பெரிதாக வையுங்கள். முன்னால் போகிறவரைத்தான் பின்னால் வருபவர் தேடுகிறார், மார்பில் இருப்பது புகைப்படத்துக்கு மட்டும்தான். பெரியவர்களுக்கு 25 செ.மீ. அகலம், சிறுவர் அளவுக்கு 18 செ.மீ. ஒரே அச்சை எல்லா அளவுக்கும் போட்டால் குழந்தைகளின் அக்குள் வரை படம் ஏறிவிடும். நாட்டுப்புறக் கலையின் நிரப்பு வேலை இங்கே நிஜமாகவே பயன்படும். ஒரே பரப்பாக அடர்ந்த மை துணியில் தகடாக விறைத்து, வியர்வையைப் போகவிடாது. அதே உருவத்தைப் புள்ளியும் கீற்றுமாக உடைத்தால் துணி மூச்சு விடும், வெடிப்பும் குறையும். கீற்றின் இடைவெளி 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், மை பரவி அடைத்துவிடும். பாலியெஸ்டர் துணியில் சிவப்பின் மேல் வெள்ளை அச்சிட்டால் சூட்டில் துணிச் சாயம் மேலேறி வெள்ளை இளஞ்சிவப்பாகும். பருத்தி வாங்குங்கள், அல்லது சாயம் மேலேறாமல் தடுக்கும் அடிப்பூச்சு மை போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டம் பெரிது என்றால் ஒரு கொடி வேண்டும். 60 × 90 செ.மீ. துணி, குறுக்காக இரண்டே நிறம், 2.5 மீட்டர் லேசான கம்பு. மேல் விளிம்பிலும் ஒரு குச்சியைச் செருகித் தைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று இல்லாத நேரத்தில் கொடி சுருண்டு தொங்கி வெறும் துணியாகிவிடும். குழந்தைகளின் பெயரை முதுகில் அச்சிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். மணிக்கட்டுப் பட்டையின் உட்புறம் பெரியவர் ஒருவரின் தொலைபேசி எண் இருந்தால் போதும்.

கேள்வி: குழந்தைகளோடு சேர்ந்து மெக்சிகோ பாணியில் காகிதத் தோரணம் வெட்ட ஆசை. இருமுறை முயன்றோம், நடுவில் கிழிந்துபோயிற்று. சரியான முறை சொல்லுங்கள்.

பதில்: அங்கே அதற்குப் பெயர் பாபெல் பிகாடோ. புயெப்லா மாநிலத்தில் உள்ள சான் சல்வடோர் ஊய்ஸ்கொலோட்லா இதற்குப் பேர்போன ஊர். கைவினைஞர்கள் பல பத்து மெல்லிய தாள்களை அடுக்கி, உளியும் சுத்தியலும் கொண்டு ஒரே வெட்டில் துளைப்பார்கள். வீட்டில் கத்தரிக்கோலுக்கு ஏற்றபடி மடித்து வெட்டலாம், ஆனால் கத்தரிக்கோல் தாங்கும் அடுக்கு எட்டுதான். அதற்கு மேல் போனால் உள்ளடுக்கு நழுவி, கடைசித் தாளில் வடிவம் கோணிக்கொள்ளும்.

50 × 70 செ.மீ. டிஷ்யூ தாளைப் பாதியாக்கினால் 50 × 35 செ.மீ. துண்டு கிடைக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அகலவாக்கில் பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடியுங்கள். எட்டு அடுக்கு ஆயிற்று. மேலே 4 செ.மீ. பட்டையைத் தொடக் கூடாது என்று கோடு போட்டுவிடுங்கள். அதில் 2 செ.மீ. நூலைச் சுற்றி மடிவதற்கு. பக்க ஓரங்களில் 2 செ.மீ. விடுங்கள்.

வடிவங்களைப் பாதியாக, மடிப்பை ஒட்டி வரையுங்கள்: அரை இலை, அரைப் பூ, அரைப் பறவை. வெட்டும்போது உள்ளே இருக்கும் துளைகளை முதலில் முடித்துவிட்டு, கீழ் விளிம்பின் வளைவுகளைக் கடைசியாக வெட்டுங்கள். விளிம்பை முதலில் வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் தாள் துவண்டுபோகும். உங்களுக்குக் கிழிந்ததற்குக் காரணம் அநேகமாகப் பாலங்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சும் தாளைத்தான் பாலம் என்கிறோம். அது 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குழந்தைகள் வெட்டினால் 10 மி.மீ. மொத்தத்தில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டாலும் மிச்சம் தன் எடையைத் தாங்காது. கூர்மையான உள்மூலைகளில் கிழிசல் தொடங்கும் என்பதால் மூலைகளை உருட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்து வெட்ட நினைப்பவர்கள் கவனிக்க: எழுத்தைத் துளையாக வெட்டினால் ‘க’, ‘ம’, ‘வ’ போன்றவற்றின் மூடிய உள்வெளி கழன்று விழும், அதைச் சுற்றுத்தாளோடு இணைக்க ஒரு பாலம் விட வேண்டும். எழுத்தைத் தாளாக விட்டுச் சுற்றிலும் வெட்டினால் மெய்யின் புள்ளி கழன்று விழும். அப்போது பாலம் புள்ளிக்கு. எழுத்துள்ள துண்டை மடித்து வெட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எல்லாரும் ஒரு தடவை மடித்துவிடுகிறார்கள்.

பிரித்த பின் மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் மடிப்புத் தடம் போகும். ஒட்ட பசைக்குச்சி மட்டும். திரவப் பசை தாளைச் சுருக்கிச் சாயத்தையும் கரைக்கும். பருத்தி நூல் அல்லது சணல் நல்லது, நைலானில் தாள் நழுவி எல்லாம் நடுவில் வந்து குவியும். 12 துண்டுகள், இடையே 5 செ.மீ. இடைவெளி என்றால் தோரணத்தின் நீளம் 6.55 மீட்டர். இரு முனையிலும் கட்டுவதற்கு ஒவ்வொரு மீட்டர் சேர்த்து 8.55 மீட்டர் நூல் எடுங்கள். மழை வரும் அறிகுறி தெரிந்தால் கழற்றிவிடுங்கள். சாயம் சொட்டிய சட்டையை எந்தச் சோப்பும் மீட்காது.

கேள்வி: கலைக் கண்காட்சிக்கு அழைத்துப் போனால் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எல்லாவற்றையும் பார்க்கும் எண்ணத்தை விடுங்கள். ஐந்தாறு பொருள், முக்கால் மணி நேரம் போதும். கூடத்துக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்று, எது முதலில் கூப்பிடுகிறது என்று ஆளுக்கு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். விவரம் மறைந்து பெரிய வடிவம் மட்டும் மிஞ்சும். அப்போதும் தெரிவது எது, கரைந்துபோவது எது? அருகில் போனதும் ஒரே கேள்வி: இதை எந்தக் கருவியால் செய்திருப்பார்கள்? கத்தரிக்கோலா, குச்சியா, ஊசியா, உளியா? விளக்க அட்டையைப் படிப்பது அதன் பிறகுதான். ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள அவர்களே ஓடிப்போய்ப் படிப்பார்கள்.

வரைய விரும்பினால் உள்ளே பென்சில் மட்டும் கொண்டு போங்கள். பல அருங்காட்சியகங்கள் மை மார்க்கரை அனுமதிப்பதில்லை. 10 × 15 செ.மீ. அட்டையில், ஒரு பொருளுக்கு இரண்டு நிமிடம், வெளிவடிவம் மட்டும். வெளியே வந்த பிறகு கறுப்பும் இன்னும் இரண்டு நிறமும் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். எந்த இரண்டு என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதுதான் வடிவமைப்பின் ஆரம்பப் பாடம்.

அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் உள்ள சர்வதேச நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் இந்த விஷயத்தில் தனி ரகம். வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் ஜிரார்டு அளித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களிலிருந்து அமைந்த ஜிரார்டு பகுதி 1982-இல் திறந்தது. பொம்மைகளை வரிசையில் நிறுத்தாமல் தெருவாகவும் சந்தையாகவும் ஊர்வலமாகவும் அவரே அமைத்தார். வீட்டில் அலமாரியில் கிடக்கும் பொம்மைகளைக்கூட அப்படி ஒரு காட்சியாக அடுக்கச் சொல்லலாம். அளவும் நிறமும் கூட்டமும் எப்படிப் பேசுகின்றன என்பது விளையாட்டிலேயே புரியும்.

கேள்வி: பழங்குடிக் கலை வடிவங்களை அழைப்பிதழில் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

பதில்: தலைமுறை தலைமுறையாக வரும் பாணியில் நீங்களே புதிதாக வரைவதற்கும், ஒரு கலைஞரின் குறிப்பிட்ட ஓவியத்தை நகலெடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை கலைஞர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். வார்லி ஓவியத்தை உலகுக்குக் கொண்டுபோன ஜீவ்யா சோமா மாஷே மறைந்தது 2018-இல். அவருடைய ஓவியத்தை ‘பழைய நாட்டுப்புறப் படம்தானே’ என்று எடுத்துப் போட முடியாது. இலவசத் தளங்களில் கிடைப்பவற்றிலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். நுழைவுச்சீட்டு விற்கும் விழா என்றால் அது பொருந்தாது.

சட்டம் தடுக்காவிட்டாலும் தவிர்க்க வேண்டியவை உண்டு. வார்லி திருமணத்தில் வரையும் சதுரக் கட்டமும் அதனுள் பாலகாட் தேவியும், மிதிலையில் மணமக்கள் அறைச் சுவரில் எழுதும் கோஹ்பர் ஓவியமும் சடங்குக்கு உரியவை. அவற்றைச் சாப்பாட்டுக் கூப்பனின் ஓர அலங்காரமாக்குவது அழகல்ல. நடனம், மரம், பறவை, வயல்வேலை என்று அன்றாடக் காட்சிகளே ஏராளம். செலவு செய்ய முடியுமானால் அந்தக் கலையில் வளர்ந்த ஒருவரிடமே வரைந்து வாங்குங்கள். எங்கெங்கே, எத்தனை பிரதி பயன்படும் என்பதை எழுத்தில் முன்கூட்டியே சொல்லி, அவர் பெயரையும் அச்சிடுங்கள்.

கேள்வி: 3 × 2 மீட்டர் பேனர் காற்றில் மூலையில் கிழிந்தது. ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்கிறார்களே?

பதில்: மணிக்கு 36 கி.மீ. காற்று நேராக அடித்தால் அந்த அளவு பேனரின் மேல் சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். நான்கு மூலையில் மட்டும் கட்டினால் மூலை கிழியத்தான் செய்யும். வெட்டி வைக்கும் பிறைத் துளைகளால் விசை பெரிதாகக் குறைவதில்லை. கிழிசலுக்குப் புதிய தொடக்கம் கிடைப்பதுதான் மிச்சம். வலைத்துணியில் அச்சிடுங்கள், விளிம்பை இரட்டையாக மடித்து 50 செ.மீ.க்கு ஒரு வளையம் போடுங்கள். மேலும் கீழும் உறைபோல் தைத்துக் கம்பு செருகினால் விசை பரவலாகும். வலைத்துணியில் மெல்லிய கோடுகள் துளைகளில் தொலைந்துபோகும் என்பதால் வடிவமைப்பில் 10 மி.மீ.க்குக் குறைந்த கோடு வேண்டாம். மின்கம்பத்தில் கட்டவே கூடாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பிதழில் அடர் நீலத்தின் மேல் வைத்த சிவப்பு எழுத்துகள் மட்டும் கலங்கித் தெரிகின்றன. வெள்ளைமேல் உள்ள கறுப்பு எழுத்து சரியாக இருக்கிறது. ஏன்?

பதில்: அனுப்பும்போது படம் ஜேபெக் (JPEG) முறையில் சுருங்குகிறது. அந்த முறை வெளிச்ச விவரத்தை ஓரளவு காத்து, நிற விவரத்தை வழக்கமாக அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும். வெள்ளைமேல் கறுப்புக்கு வெளிச்ச வேறுபாடே போதும். அடர் நீலத்தின் மேல் சிவப்பு நிறத்தை மட்டும் நம்பி நிற்பதால் விளிம்பு கரைகிறது. எழுத்தை வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாற்றுங்கள், சிவப்பைப் பெரிய வடிவங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1080 × 1920 பிக்சல் அளவில் செய்து, மேலும் கீழும் 250 பிக்சலில் எழுத்து இல்லாமல் விடுங்கள். ஸ்டேட்டஸில் பெயரும் பொத்தானும் அந்த இடத்தை மறைக்கும். சிறு எழுத்தும் 40 பிக்சல் உயரத்துக்குக் குறைய வேண்டாம். அச்சுக்குத் தர வேண்டிய பிரதியை ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. தேதி, நேரம், இடம் மூன்றையும் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் தேதியைப் பிறகு தேடி எடுப்பது கடினம்.